பையில் ‘உணவுத் தரம்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: சாஃப்ட்னரில் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) புது ரெசின் போட்டோம். முதல் நாள் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பையில் ‘உணவுத் தரம்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. போலியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சாஃப்ட்னரில் போடும் கேட்டயான் ரெசின் (நேர் மின்னேற்ற அயனிகளைப் பிடிப்பது) என்பது ஸ்டைரீனையும் டைவினைல்பென்சீனையும் பிணைத்து, கந்தக அமிலத்தில் வினைப்படுத்திய பிளாஸ்டிக் மணி. பிணைப்பில் சேராமல் தங்கிவிட்ட துணுக்குகள்தான் முதலில் மஞ்சளாகக் கரைந்து வருகின்றன. அனயான் ரெசினாக (நைட்ரேட் போன்ற எதிர் மின்னேற்ற அயனிகளைப் பிடிப்பது) இருந்தால் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் கசிந்து மீன் வாடை அடிக்கும்.

விதிகள் இந்தக் கசிவைத்தான் அளக்கின்றன. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிகளில் 173.25 பிரிவின்படி, காய்ச்சி வடித்த நீர், 15 சதவீத ஆல்கஹால், 5 சதவீத அசெட்டிக் அமிலம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக ரெசின் வழியே செலுத்துவார்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டு, அடுத்த 2 லிட்டரைச் சோதிப்பார்கள். அதில் கரைந்து வரும் கரிமப் பொருள் 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உற்பத்தியாளர் சொல்லும் முன்கழுவல் முடிந்த ரெசினுக்குத்தான் இந்த வரம்பு. ஆக, கழுவாமல் போட்டால் அனுமதியின் பாதியை நீங்களே கழற்றிவிட்டதாகத்தான் அர்த்தம்.

கழுவும் முறை: ரெசின் காய்ந்திருந்தால் நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டென்று உப்பி மணிகள் வெடிக்கும். முதலில் 10 சதவீத உப்புக் கரைசலில் ஊறவிடுங்கள். பிறகு வெளியேறும் நீர் தெளியும்வரை பேக்வாஷ் (கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது), ஒரு முழு ரீஜெனரேஷன் (உப்புக் கரைசல் செலுத்தி ரெசினைப் புதுப்பிப்பது), அதன்பின் ரெசின் கொள்ளளவைப் போல 20 மடங்கு தண்ணீர். 25 லிட்டர் ரெசின் என்றால் 500 லிட்டர். உற்பத்தியாளர் தாளில் அதிகம் கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

‘உணவுத் தரம்’ என்ற இரண்டு சொல்லுக்குத் தனியாக மதிப்பில்லை. எந்தத் தரநிலை என்று கேளுங்கள். குடிநீரில் படும் பொருள்களிலிருந்து என்ன கசிகிறது என்பதற்கு என்.எஸ்.எஃப்./ஆன்சி 61 என்ற அமெரிக்கத் தரநிலை, வீட்டுச் சாஃப்ட்னருக்கு அதே வரிசையில் 44. சான்றில் ரெசினின் மாடல் எண்ணும் இருக்க வேண்டும்.

பல மாதம் கழித்து மறுபடி மஞ்சள் வந்தால் அது வேறு கதை. தண்ணீரிலுள்ள குளோரின் ரெசினின் பிணைப்பை அரித்திருக்கும். மணியை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கினால் ரெசினை மாற்றுங்கள், முன்னால் ஒரு கார்பன் ஃபில்டரும் வையுங்கள்.

கேள்வி: நைட்ரேட் நீக்கும் ரெசினுக்கு ரீஜெனரேஷனைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? நீக்காமல் விட்டுவிடும், அவ்வளவுதானே?

அவ்வளவோடு நிற்காது. சாதாரண அனயான் ரெசின் நைட்ரேட்டைவிட சல்ஃபேட்டை இறுகப் பிடிக்கும். ரெசின் நிரம்பியதும், வரும் சல்ஃபேட் ஏற்கெனவே பிடிபட்ட நைட்ரேட்டைத் தள்ளிவிடும். உள்ளே போகும் நீரைவிட வெளியே வரும் நீரில் நைட்ரேட் கூடும். நிறமும் தெரியாது, வாடையும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்து வகுத்தது. கொதிக்க வைத்தால் அடர்த்தி இன்னும் ஏறும். சல்ஃபேட் மிகுந்த நீருக்கு நைட்ரேட்டையே விரும்பிப் பிடிக்கும் ரெசினைக் கேட்டு வாங்குங்கள். ரீஜெனரேஷனை நாள் கணக்கில் விடாமல் லிட்டர் கணக்கில் அமையுங்கள்.

கேள்வி: பிடிக்கும் திறன் தீர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் ஆய்வக ரெசின் கைவசம் மிச்சம் இருக்கிறது. குடிநீருக்குப் போடலாமா?

கூடாது. அதிலுள்ள சாயம் குடிநீருக்கென்று சோதிக்கப்பட்டதல்ல.