வேலை செய்யாத புரதம் செல்லை வளர்ப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் என் மகள், ‘சாரப் புரதம்’ என்று ஒன்று இருப்பதாகவும், தானாக எந்த வேதிவினையும் செய்யாத அது புற்றுநோய்ச் செல்லின் வளர்ச்சிக்குத் துணைபோவதாகவும் சொல்கிறாள். சும்மா இருப்பது எப்படி வளர்ச்சிக்குக் காரணமாகும்?
– வாசகி, கோட்டையூர்

பதில்: உங்கள் ஊரில் பழைய வீட்டு மதிலுக்குச் சுண்ணாம்பு பூசும்போது, சவுக்குச் சாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் ஆட்கள் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கொத்தனாரிடம் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாரம் பூசுவதில்லை, ஆனால் அது இல்லையென்றால் ஒவ்வொரு சட்டிக்கும் ஒருவர் ஏணியில் ஏறி இறங்க வேண்டும். செல்லுக்குள் வினை செய்யும் நொதிகளுக்குச் சாரப் புரதமும் அப்படித்தான்.

செல் சவ்வின் உட்புறத்தில் பாஸ்படிடைல் இனோசிட்டால் என்னும் கொழுப்பு இருக்கிறது. மூன்று கைனேஸ் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் 4, 5, 3 ஆகிய இடங்களில் ஆளுக்கொரு பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. கடைசியாகச் சேர்ப்பது பிஐ3கே. அப்படி உருவாகும் பிப்3, ஏகேடி என்னும் புரதத்தைச் சவ்வுக்கு இழுத்து, ‘வளர், சாகாதே’ என்ற கட்டளையைத் தொடங்கி வைக்கிறது. பிடென் என்ற நொதி அந்த மூன்றாம் பாஸ்பேட்டைக் கழற்றி இதை அடக்குகிறது. பல புற்றுக்கட்டிகளில் பிடென் செயலிழந்திருக்கிறது; அதனால் அங்கே அந்தக் கட்டளை அடங்குவதில்லை.

ஐக்யூகேப்1 என்னும் சாரப் புரதம் இந்த மூன்று நொதிகளையும், ஏகேடியைத் தூண்டும் பிடிகே1 என்னும் நொதியையும், ஏகேடியையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டாம் நொதி ஆக்கும் பிப்2 சவ்வில் வேறு பல வேலைகளுக்கும் தேவைப்படும் பொருள். அது வேறெங்கும் சிதறாமல், பக்கத்தில் நிற்கும் பிஐ3கேயின் கைக்கே போய்ச் சேருவதுதான் இங்கே நுட்பம். அந்தப் பிடியை மட்டும் தடுத்தபோது பிப்3 உற்பத்தி குறைந்தது, குறிப்பாகப் புற்றுச்செல்கள் பிழைப்பது குறைந்தது.

இது எனக்குப் பெரிதாகப் படுவதற்குக் காரணம் உண்டு. பிஐ3கேயையே தடுக்கும் அல்பெலிசிப் என்ற மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒருவகை மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. இன்சுலினும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது என்பதால், அந்த மருந்தை உட்கொள்வோர் பலருக்கு இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. சாரத்தின் பிடியைத் தளர்த்தும் வழி இன்னும் மருந்தாகிவிடவில்லை, ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. ஐக்யூகேப்1 அறவே இல்லாத எலிகள் பிறந்து வளர்ந்தாலும், வயதானபின் அவற்றின் இரைப்பை உட்படலம் மிகையாகத் தடித்தது. ஆகவே புரதத்தையே நீக்குவதைவிட, நொதிகளை அது பிடிக்கும் இடத்தை மட்டும் மறைப்பதே சரியான வழி என்று கருதுகிறேன்.