75 சதவீதத்தில் திரும்பிவிடும் வின்டோஸ் 11: பார்மட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஈரோட்டில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். 2019-இல் வாங்கிய மடிக்கணினியில் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கின்றன. வின்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறத் தகுதி உண்டு என்று மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலி சொல்லிவிட்டது. ஆனால் மேம்படுத்தல் 75 சதவீதத்தை ஒட்டி நின்று, கணினி தானாக அணைந்து எழுந்து, பழைய வின்டோஸ் 10-க்கே திரும்பிவிடுகிறது. 'சி1900101 - 30018' என்று ஒரு பிழை எண் வருகிறது. எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான். பார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். கணக்கு மென்பொருளும், யுஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இதில்தான் இயங்குகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பார்மட் அடிக்க வேண்டாம். 'மீண்டும் முயல்க' பொத்தானையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் கணினி எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் செய்யும் ஒவ்வொரு மறுமுயற்சியும் அதே இடத்தில்தான் விழும்.

எண்ணின் முதல் பாதியான சி1900101 பொதுவானது. மேம்படுத்தல் பாதியில் முறிந்து பழைய நிலைக்குத் திரும்பியது, பெரும்பாலும் ஒரு டிரைவர்தான் (சாதனத்தை வின்டோஸுடன் பேசவைக்கும் சிறு மென்பொருள்) காரணம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இணையத்தில் பலரும் அந்தப் பாதியை மட்டும் தேடி, கிடைத்த வைத்தியங்களை எல்லாம் வரிசையாகச் செய்து பார்க்கிறார்கள். வட்டுப் பகுதிகளை மாற்றுவது, வின்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பது போன்ற ஆபத்தான வேலைகளும் அந்த வரிசையில் உண்டு. உங்களுக்குத் தேவை இரண்டாம் பாதி, அதிலும் அதன் முதல் இலக்கம்.

வின்டோஸ் மேம்படுத்தல் நான்கு கட்டங்களாக நடக்கிறது. முதலாவதில் நீங்கள் வின்டோஸ் 10-இல் இருக்கும்போதே கோப்புகள் இறங்கி, கணினி சோதிக்கப்படுகிறது. இரண்டாவதில் கணினி அணைந்து ஒரு சிறிய தற்காலிகச் சூழலில் எழுகிறது; பழைய வின்டோஸ் ஓரமாக ஒதுக்கப்பட்டு, புதியது வட்டில் விரிக்கப்படுகிறது. மூன்றாவதில் புதிய வின்டோஸ் முதல்முறையாகத் தன் காலில் எழுந்து, கணினியில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டிரைவர் நிறுவுகிறது. நான்காவதில் உங்கள் கணக்கு, அமைப்புகள், செயலிகள் ஆகியவை குடியேறுகின்றன. இரண்டாம் பாதியின் முதல் இலக்கம் இந்தக் கட்டத்தையே குறிக்கிறது.

உங்களுடையது 3. புதிய வின்டோஸ் வட்டில் ஒழுங்காக இறங்கி, ஒருமுறை எழுந்தும்விட்டது. எனவே எஸ்எஸ்டி, நினைவகம், மேம்படுத்தல் கோப்பு ஆகியவற்றின் மீது முதல் சந்தேகம் தேவையில்லை. சாதனங்களுக்கு டிரைவர் போடும் வேளையில் ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் உறைந்துபோகிறது. 30018 என்ற எண்ணுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் விளக்கமும் இதுதான். வரி ஆலோசனை அலுவலகக் கணினி என்றால் கையொப்ப டோக்கன், பிரின்டர், கைரேகைக் கருவி என்று ஆண்டுக்கணக்கில் டிரைவர்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி என்பது என் கணிப்பு.

தேடத் தொடங்கும் முன் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையையும் ஆவணங்களையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வையுங்கள். வின்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: தோல்வியின் பதிவுகளைக் காப்பாற்றுவது. சி வட்டில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், டாலர் குறியில் தொடங்கி, நடுவில் வின்டோஸ் என்ற பெயரும் இறுதியில் பிடி என்ற இரண்டு எழுத்துகளும் கொண்ட கோப்புறை தெரியும். அதற்குள் 'சோர்சஸ்', அதற்குள் 'ரோல்பேக்'. அந்த ரோல்பேக் கோப்புறையை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள். அடுத்த முயற்சியோ வட்டைச் சுத்தம் செய்யும் செயலியோ அதை அழித்துவிடக்கூடும்.

இனி, நகலெடுத்த கோப்புறைக்குள் 'செட்அப்ஏபிஐ டாட் டெவ்' என்ற பெயருடைய பதிவுக் கோப்பைத் தேடி நோட்பேடில் திறந்து, நேராகக் கடைசிக்குப் போங்கள். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு சாதனத்தின் நிறுவலும் வலப்பக்கம் பார்க்கும் மூன்று அம்புக்குறிகளுடன், >>> என்று தொடங்கும். முடிந்ததும் இடப்பக்கம் பார்க்கும் <<< குறிகளுடன் வெற்றியா தோல்வியா என்று எழுதப்பட்டிருக்கும். கீழிருந்து மேலே வாருங்கள். தொடங்கிய குறி இருந்து முடிந்த குறி இல்லாத பகுதியோ, தோல்வி என்று முடிந்த பகுதியோ கண்ணில் பட்டால், நீங்கள் தேடும் டிரைவர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதியில் 'ஓஇஎம்' என்ற மூன்று எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த கோப்புப் பெயர் வரும். அதைக் குறித்துக்கொண்டு, சாதனங்களைப் பட்டியலிடும் வின்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' பட்டியலைத் திறந்து 'டிவைசஸ் பை டிரைவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெயர் எந்தச் சாதனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

பதிவு பிடிபடவில்லை என்றால் வேறொரு குறுக்குவழி உண்டு. வின்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்துக்குப் போய், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். ஒத்துவராத பழைய டிரைவர்கள் இருந்தால் வின்டோஸ் அவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும். சோதனை முடிந்ததும் சுவிட்சைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். இந்தப் பட்டியலில் வரும் டிரைவர்தான் மேம்படுத்தலை நிறுத்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் விசாரணையைத் தொடங்க நல்ல இடம்.

அடுத்து அகற்றும் வேலை. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். எப்போதோ செருகிக் கழற்றிய பிரின்டர்களும் டோக்கன்களும் மங்கலான நிறத்தில் தெரியும். சந்தேகத்துக்குரியதை நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து நீக்கு என்ற கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் சாதனத்தின் பெயர் மட்டும் மறைந்து, டிரைவர் உள்ளேயே தங்கிவிடும். சிப்செட், வட்டு, திரை தொடர்பானவற்றை மட்டும் தொடாதீர்கள்.

டோக்கனின் டிரைவரை நீக்கத் தயங்க வேண்டாம். உங்கள் கையொப்பத்தின் ரகசியச் சாவி டோக்கனின் சிப்புக்குள் இருக்கிறது. கணினியில் இருப்பது அதனுடன் பேசும் மென்பொருள் மட்டுமே. அதை நீக்கினாலும், கணினியையே மாற்றினாலும் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டோக்கனின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அந்தத் தொல்லை இந்தப் பிழையைவிடப் பெரியது.

வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால், அணைத்து வைப்பது போதாது, முற்றிலும் நீக்குங்கள். அணைத்த பிறகும் அதன் டிரைவர்கள் கணினி எழும்போதே ஏறிக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் வின்டோஸுடன் வரும் டிஃபென்டர் காவலுக்கு இருக்கும். விபிஎன் மென்பொருளுக்கும் இதே விதிதான். கையோடு மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, புதிய பயாஸும் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) வின்டோஸ் 11-க்கான டிரைவர்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 2019-இல் வந்த பயாஸை இதுவரை தொடவே இல்லை என்றால், அதைப் புதுப்பிப்பது இந்த வேலையின் தவிர்க்கக்கூடாத பகுதி. சார்ஜரைச் செருகிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது மறுபடி முயலலாம். மவுஸைத் தவிர வெளியே செருகியிருக்கும் அனைத்தையும் கழற்றுங்கள்: டோக்கன், பிரின்டர், கைரேகைக் கருவி, பென்டிரைவ், யுஎஸ்பி ஹப், மெமரி கார்டு. சி வட்டில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். அமைப்புகளில் உள்ள புதுப்பிப்புப் பக்கத்தை நம்பாமல், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே வின்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டும் ஒரே கோப்பாக) இறக்கி, இருமுறை சொடுக்கி, உள்ளே இருக்கும் 'செட்அப்' செயலியை வின்டோஸ் 10-க்குள் இருந்தபடியே இயக்குங்கள். புதுப்பிப்புகளையும் இறக்கட்டுமா என்று கேட்டால், இந்த முறை ஆம் என்றே சொல்லுங்கள். உங்கள் சாதனங்களுக்குத் திருத்தப்பட்ட டிரைவர் ஏதாவது வந்திருந்தால் அப்போதுதான் அது சேரும். அப்படியும் விழுந்தால், அடுத்த முறை இணையத்தைத் துண்டித்துவிட்டு, 'இப்போது வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள்.

இதில் ஓர் இடத்தில் மட்டும் நிதானம் தேவை. கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்ற தேர்வு கிடைக்க வேண்டும். அது மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மொழி பொருந்தாததே காரணமாக இருக்கும்: அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவிய கணினிக்கு சர்வதேச ஆங்கிலக் கோப்பு ஒத்துவராது. சரியான மொழியில் மறுபடி இறக்கினால் தேர்வு திரும்பிவிடும். கவனிக்காமல் தொடர்ந்தால் கணக்கு மென்பொருள் போய்விடும்.

மேம்படுத்தல் ஓடும்போது சதவீதம் நெடுநேரம் அசையாமல் நிற்கலாம். வட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை விட்டுவிடுங்கள். மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்ற வரி வந்தாலும் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். இதுவரை ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உங்கள் வின்டோஸ் 10 சேதமில்லாமல் திரும்பி வந்ததற்குக் காரணம், அந்தப் பின்வாங்கல் முழுமையாக நடந்ததுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு வேறு எண்கள் வந்திருக்கலாம். 80070070 என்றால் வட்டில் இடம் போதவில்லை. இரண்டாம் பாதி 20017 என்றால் தற்காலிகச் சூழலே எழவில்லை. டிரைவர்களோடு, வேறு நிறுவனத்தின் வட்டுப் பூட்டு மென்பொருளையும் பாருங்கள். 4-இல் தொடங்கினால் கடைசிக் கட்டம். அங்கும் ஆன்டிவைரஸையும் டிரைவர்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 30018 வருகிறது என்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் கணினியோடு போராடாதீர்கள். வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பார்மட்டை ஓய்வான ஒரு வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அந்த நாள் வந்தால், கடைக்காரரிடம் கொடுக்கும் முன் நீங்களே பட்டியல் எழுதுங்கள். கணக்குத் தரவு, கணக்கு மென்பொருளின் உரிம விவரம், மின்னஞ்சல் கோப்புகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. தமிழ் எழுத்துருக்கள்தான் விட்டுப்போகும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கடிதங்களும் ஒப்பந்தங்களும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எனவே 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பையும் மறக்காமல் நகலெடுங்கள். மேம்படுத்தலில் இவை தானாகவே புதிய வின்டோஸுக்கு வந்துவிடும். பார்மட்டை நான் கடைசி வழியாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேம்படுத்தல் வெற்றி பெற்றால், கழற்றியவற்றை ஒரே மூச்சில் செருகாதீர்கள். முதலில் டோக்கன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வின்டோஸ் 11-க்கான மென்பொருளை இறக்கி நிறுவி, ஒரு சாதாரண பிடிஎஃப் கோப்பில் கையொப்பமிட்டுப் பாருங்கள். அது நடந்தால் பிரின்டர், பிறகு கைரேகைக் கருவி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மறுதொடக்கம். பழைய வின்டோஸ் 10-க்குத் திரும்பும் வழி பத்து நாள்கள்தான் திறந்திருக்கும். ஆகவே அலுவலகத்தில் அன்றாடம் செய்யும் எல்லா வேலைகளையும் அதற்குள் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். அதுவரை சி வட்டில் இருக்கும் 'வின்டோஸ் ஓல்டு' கோப்புறையை இடத்துக்காக அழித்துவிடாதீர்கள்.