நஷ்டஈட்டு வழக்கில் முதலாளி பக்கம் நிற்கலாமா?

கேள்வி: சேலத்தில் மூன்று வருடமாக ஜூனியர் வக்கீல். தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளில் முதலாளிக்குப் பதில் பணம் கட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆஜராகும் சீனியர் ஒருவர் கூப்பிடுகிறார். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பாவோ, “நம்ம ஆளுக்கு எதிராவா நிப்பே?” என்கிறார். பிற்பாடு மத்தியஸ்தராகவும் ஆசை. போகலாமா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: போங்கள். அப்பாவின் கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்தவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ‘கவனமில்லாமல் ஏறினார்’ என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. ‘குடித்திருந்தார்’ என்ற வாதமும் ஆள் இறந்துவிட்டால் எடுபடாது. அப்புறம் வாதாட என்ன மிச்சம்? அன்று வேலையில் இருந்தாரா, வயது, கூலி, ஊனச் சதவீதம். பெரும்பாலும் இவ்வளவுதான்.

நாற்பது வயது, மாதம் 15,000 ரூபாய் கூலி, கட்டைவிரல் போய்விட்டது. 1923-ஆம் வருடத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி கூலியில் 60 சதவீதம் 9,000. அதை அந்த வயதுக்குச் சட்டம் தரும் 184.17 என்ற எண்ணால் பெருக்கி, கட்டைவிரலுக்கு 30 சதவீதம் எடுத்தால் 4,97,259 ரூபாய். வழக்குக் கட்டு கைக்கு வந்ததுமே இந்தக் கணக்கைப் போட்டு, ‘கட்டிவிடுங்கள்’ என்று கம்பெனிக்கு எழுதுபவர்தான் என் கணக்கில் நல்ல எதிர்த்தரப்பு வக்கீல். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம், அதுவும் முதலாளி தலையில். வாய்தா வாங்குவதைத் திறமை என்று நினைக்கும் சீனியர்கள் இதைக் கட்சிக்காரரிடம் சொல்வதே இல்லை!

2025 நவம்பரில் அந்த 1923 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது உள்ளே வருகிறது. பழைய விபத்துகளுக்காகப் பழைய சட்டத்தையும் படித்து வையுங்கள்.

மத்தியஸ்தத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. அது சுலபம். எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் விதவையிடம் கைநாட்டு வாங்கிப் பணத்தைக் கொடுப்பதையும் இங்கே ‘பேசி முடித்தோம்’ என்றுதான் சொல்கிறார்கள். இறப்பு வழக்கில் நஷ்டஈட்டை அதற்கென உள்ள அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது கணக்கில் வராது. அந்த மேசையில் நீங்கள் உட்காராதீர்கள். நடுவில் சில வருடம் தொழிலாளி பக்கமும் வழக்கு நடத்துங்கள். இல்லாவிட்டால் உங்களை மத்தியஸ்தர் என்று யார் நம்புவார்?

சேருவதற்கு முன் சீனியரிடம் ஒன்று கேளுங்கள்: “போன வருஷம் எத்தனை கேஸில் கட்டச் சொல்லி எழுதினீங்க சார்?” ஒன்றுகூட இல்லை என்றால் வேறு ஆபீஸ் பாருங்கள்.