மேலே பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்

அருவி நடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலைப் பாதைகளில் ஆட்களை அழைத்துப் போகும் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ‘எந்த அருவி அழகு?’ என்று கேட்டவை. அவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, பத்திரமாகப் போய்த் திரும்புவது பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அருவிக்கு 6 கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று மதியம் கிளம்பினோம். திரும்பி வரும்போது கும்மிருட்டு. எங்கே கணக்குத் தப்பியது?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தூரத்தை மட்டும் பார்த்தீர்கள், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் 6 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் 2 மணி 12 நிமிடம் ஆகும். அதுவும் நல்ல பாதையில், நடந்து பழகிய கால்களுக்கு. வேரும் சேறும் நிறைந்த காட்டுப் பாதைக்கு நான் இன்னும் பாதி சேர்த்துக்கொள்வேன். மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வந்துவிடும்.

இன்னொரு விஷயம். மலை உச்சிக்குப் போகிறவர் ஏறிப்போய் இறங்கி வருவார். அருவியின் அடிவாரத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இறங்கிப்போய், களைத்த கால்களோடு ஏறி வரவேண்டும். இறங்கும்போது ‘ரொம்ப சுலபமா இருக்கே’ என்று தோன்றும் ஒவ்வொரு படியும் திரும்பும்போது எதிரே நிற்கும். அதனால் கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், அருவிச் சத்தம் காதில் விழுந்தாலும் திரும்புங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளியைவிடச் சீக்கிரம் இருட்டிவிடும். ஆளுக்கொரு டார்ச் கையில் இருக்கட்டும். போன் வெளிச்சம் டார்ச் ஆகாது.

கேள்வி: வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் காவலர் எங்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் விரட்டினார். மழையில்லாமல் வெள்ளம் வருமா?
– குடும்பத்தோடு போய் ஏமாந்து திரும்பிய வாசகி

பதில்: வரும். அந்தக் காவலருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் அம்மா.

அருவிக்குத் தண்ணீர் தருவது அருவிக்கு மேலே பல கிலோமீட்டர் பரந்து கிடக்கும் சரிவுகள். அங்கே பெய்யும் மழை செங்குத்தான ஓடைகள் வழியாக இறங்கி ஒரே வாய்க்காலில் வந்து சேரும். மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தால் ஒரு சொட்டும் உள்ளே போகாது. பள்ளத்தில் நிற்கிற நமக்கோ தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான் தெரியும். அந்தத் துண்டு நீலமாக இருக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, ஒன்பது பேரை அழைத்துப் போயிருந்தேன். போன உடனே கரையோரப் பாறையில், தண்ணீர் தொடும் விளிம்புக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தேன். இது என் பழக்கம். அவ்வப்போது அதைத் திரும்பிப் பார்ப்பேன். எல்லோரும் பாறைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒரு சிறு கிளை மிதந்து வந்தது. இலைகள் பச்சையாக இருந்தன. காய்ந்த சருகு எந்நேரமும் வரும். பச்சை இலையோடு கிளை வருகிறதென்றால் இப்போதுதான் எங்கோ பிய்ந்திருக்கிறது. கல்லைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. தண்ணீரைப் பார்த்தேன். அடியில் மணல் தெரிந்த இடத்தில் மணல் தெரியவில்லை, லேசான கலங்கல். அப்புறம் சத்தம் மாறியது. சலசலப்பு அடங்கி, அடியிலிருந்து ஒரு கடகடப்பு கேட்டது. கற்கள் உருளும் சத்தம் அது.

‘பையை விட்டுட்டு மேலே ஏறுங்க!’ என்று கத்தினேன். எட்டுப் பேர் ஏறினார்கள். ஒருவர் ஷூவை எடுக்கத் திரும்பினார். அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நாங்கள் நாலு ஆள் உயரம் ஏறித் திரும்பியபோது என் வெள்ளைக் கல் இல்லை. இன்னும் சிறிது நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையே இல்லை. மரக்கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போயின.

அன்று காலை பதினொரு மணிக்கே மலைமுகட்டுக்கு மேலே கறுத்த மேகம் திரள்வதை நான் பார்த்திருந்தேன். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களே, கெடுப்பானேன் என்று வாயைத் திறக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதன்பிறகு எந்தக் குழுவானாலும் பள்ளத்தில் இறங்கும் முன் முகடு தெரியும் இடத்தில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொல்கிறேன். மேகம் இருந்தால் அங்கேயே நிற்கிறோம். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சின்ன மலையோடைகளில் வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தும் போகும். நாங்கள் நாலு மணி நேரம் காத்திருந்தோம், குளிரில் நடுங்கிக்கொண்டு. வழி தெரியாமல் போனால் விசில் ஊதுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மலையேறுபவர்களுக்குத் தெரிந்த ஆபத்துக் குறி இது.

தண்ணீர் குறைவாக இருக்கும் சாதாரண நாளிலும் அருவியின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் ஓடையைக் கடக்காதீர்கள். வழுக்கினால் அடுத்து என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கடந்தே ஆகவேண்டிய வேறு இடத்தில் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, கோலை ஊன்றி, நீரோட்டத்துக்கு முகம் காட்டிக் கடக்க வேண்டும். விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது.

கேள்வி: அட்டை கடித்தால் உப்பா, தீக்குச்சியா?
– ஒரு வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். அவசரப்படுத்தினால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கும். விரல் நகத்தை வாய்ப்பக்கம் செருகித் தள்ளுங்கள், விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் மணிக்கணக்கில் கசியும். பயப்பட வேண்டாம். கழுவி, அழுத்திக் கட்டுங்கள். பேன்ட் காலைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: அருவியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினேன். பாறை மெதுவாக மேலே ஏறுகிற மாதிரி தெரிந்தது! எனக்கு ஏதாவது நோயா?
– பயந்துபோன ஒரு வாசகி

பதில்: நோயே இல்லை. எனக்கும் தெரியும், உங்கள் பக்கத்தில் நின்றவருக்கும் தெரிந்திருக்கும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதையே கண்டு எழுதி வைத்தார். கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கும் மூளை நரம்புகள் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துவிடுகின்றன. மேல்நோக்கிய அசைவைக் கவனிப்பவை சோராமல் இருக்கின்றன. அசையாத பாறையைப் பார்க்கும்போது அவற்றின் கை ஓங்கிவிடுகிறது. சில நொடிகளில் சரியாகும்.

ஆனால் அந்தச் சில நொடிகளில் காலை எடுத்து வைக்காதீர்கள். ஈரப்பாறையில் நின்று அருவியை வெறித்துவிட்டுச் சட்டென்று திரும்பி நடப்பவர்கள் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பும் முன் உங்கள் கால் விரல்களைப் பார்த்து மூச்சைப் பத்து எண்ணுங்கள்.

கேள்வி: நன்றாக நீச்சல் தெரியும். அருவி விழும் கசத்தில் குதித்து நீந்தலாமா? அருவிக்கு நேர் கீழே நிற்கலாமா?
– ஒரு நீச்சல் வீரர்

பதில்: குதிக்காதீர்கள். நேர் கீழே நிற்காதீர்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் பாதி காற்று. அது உடம்பைத் தாங்காது, கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுழன்று மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். மலைத் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்பு பட்டதும் தன்னையறியாமல் மூச்சை இழுப்போம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் நீச்சல் திறமை உதவாது.

நேர் கீழே நிற்பதில் வேறு அபாயம். 50 மீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒரு கல் கீழே சேரும்போது மணிக்கு 110 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் இருக்கும். தண்ணீரோடு கல் வருவது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அருவியில் சோப்புப் போட்டுக் குளித்தால் என்ன? தண்ணீர்தான் ஓடிக்கொண்டே இருக்கிறதே.
– ஒரு வாசகர்

பதில்: அது ஓடி எங்கே போகிறது? சாரல் படும் பாறைகளில் பாசியும் பெரணியும் குட்டித் தவளைகளும் வாழ்கின்றன. தவளையின் தோல் தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

டான்சானியாவில் கிஹான்சி அருவிச் சாரலில் மட்டும், ஏறக்குறைய 2 ஹெக்டேர் இடத்தில், ஒரு குட்டித் தேரை வாழ்ந்தது. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் நிறத் தேரை. முட்டையிடாது, குட்டி போடும். 1996-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சில வருடங்களில் நீர்மின் திட்டத்துக்காக ஆற்றுநீரில் பெரும்பகுதி திருப்பப்பட்டது. சாரல் அடங்கியது. குழாய் வைத்துச் செயற்கையாகத் தூவிப் பார்த்தும் போதவில்லை, பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. 2009-இல் இயற்கையில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நல்லவேளை, முன்கூட்டியே சிலவற்றை அமெரிக்க விலங்குக் காட்சியகங்களுக்குக் கொண்டுபோய் வளர்த்திருந்தார்கள். 2012-இல் அந்தச் சந்ததியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

நீங்கள் போகும் அருவியின் சாரலில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சோப்புப் போட்டே ஆகவேண்டுமானால் ஓடையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளிப்போய்ப் பாத்திரத்தில் மொண்டு குளியுங்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் முன் ஷூ அடியைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணம் செய்யும்.

கேள்வி: எனக்கு 63 வயது. முழங்கால் வலி. மேலே காட்சி மேடை வரை நடக்க முடியும், கீழே அருவியடி வரை இறங்க முடியாது. பிள்ளைகள் இறங்கும்போது நான் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பதற்கு எதற்கு வரவேண்டும்?
– ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை

பதில்: வாருங்கள் டீச்சர். உங்களுக்கு மேலே ஒன்று இருக்கிறது, கீழே போனவர்களுக்குக் கிடைக்காதது.

சாரலில் வானவில் தெரிய வேண்டுமானால் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 டிகிரி விலகிய வட்டத்தில் வில் தோன்றும். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குச் சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வில் மறைந்துவிடும். எதிர்மேட்டிலிருந்து குனிந்து பார்க்கும் உங்களுக்கோ சூரியன் நன்றாக ஏறிய பிறகும் கீழே சாரலில் தெரியும். அதுவும் அரைவட்டத்தைத் தாண்டி, சில சமயம் முழு வட்டத்துக்குப் பக்கத்தில்.

அருவி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த அருவி என்றால் காலையில், மேற்கு பார்த்ததென்றால் மதியத்துக்குப் பிறகு. இரண்டு கோல்கள் எடுத்து வாருங்கள், இறக்கத்தில் முழங்காலின் பாரத்தை அவை வாங்கிக்கொள்ளும். அடி சிறியதாக வையுங்கள். மேடைக்கு வந்ததும் ஓரிடத்திலேயே நிற்காமல் இரண்டடி இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். உங்களோடு சேர்ந்து வில்லும் நகரும். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது அவருடைய வில், நீங்கள் பார்ப்பது உங்களுடையது.