ஸ்டென்ட் வைத்த பிறகு மறுபடியும் டர்ட் பைக்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 48 வயது. வெகு காலம் டர்ட் பைக் (மண், சேற்றுப் பாதையில் ஓட்டும் வண்டி) ஓட்டியவன், கடைசி நான்கு வருடமாகத் தொடவே இல்லை. முதலில் விழுந்து காறை எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். அது ஆறி ஓட்டலாம் என்று இருந்தபோது மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட். அது முடிந்து 14 மாதம் ஆகிறது. உடற்பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட்டில் 450 சிசி வண்டி அப்படியே நிற்கிறது. மறுபடியும் ஓட்டலாமா? எப்படித் தொடங்குவது? பழையபடி ரேஸில் இறங்க முடியுமா?

பதில்: ஸ்டென்ட் வைத்தவர்கள் டர்ட் பைக்குக்குத் திரும்புவது புதிதில்லை. ஆனால் டாக்டர் சொன்ன "உடற்பயிற்சி செய்யலாம்" என்பதை "டர்ட் பைக் ஓட்டலாம்" என்று நீங்களாக விரித்துக்கொள்ள வேண்டாம். அவர் மனதில் இருப்பது நடைப்பயிற்சி, சைக்கிள், மிஞ்சிப்போனால் மெல்லோட்டம். பைக் என்று சொன்னாலும், தெருவில் உட்கார்ந்தபடி ஓட்டும் வண்டியைத்தான் நினைத்துக்கொள்வார். மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் பாதையில் நடக்கும் பைக் ரேஸ்) ஓட்டுபவரின் இதயத் துடிப்பு ஓட்டம் முழுவதும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதோடு ஹேண்டிலை இறுகப் பிடிப்பது, முழங்காலால் வண்டியை அழுத்துவது போன்ற, தசை அசையாமல் இறுகும் வேலைகள் ரத்த அழுத்தத்தைத் தனியாக ஏற்றும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது காட்சியாகச் சொல்லுங்கள்: "நின்றுகொண்டே ஓட்டுவேன். 100 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி சேற்றில் சாய்ந்தால் தூக்கி நிறுத்துவேன். எப்போதாவது விழுவேன், அது நிச்சயம்." அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள். துடிப்பு எதுவரை ஏறலாம்? இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்? ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா? டெஸ்ட் எடுப்பதானால், வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு எடுப்பதா, நிறுத்தி எடுப்பதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்ட உடம்போடுதானே வண்டியில் ஏறப் போகிறீர்கள்! வீட்டில் யாருக்காவது இதில் பயம் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயிலிருந்து நேரே கேட்பது வேறு, நீங்கள் வந்து சொல்வது வேறு.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து, பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை கொடுப்பார்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் வரை வண்டியில் ஏறாதீர்கள் என்பதே என் கருத்து. தானாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இப்போது ஆஸ்பிரின் மட்டும்தான் என்றாலும் தலையில் பலமாக அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்தால் மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ரத்தம் உறைவதை இன்னும் பலமாகத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வேறு பொழுதுபோக்கு பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறீர்களா? அது துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். கைக்கடிகாரம் 115 என்று காட்டும், உடம்போ எல்லையைத் தொட்டிருக்கும். அதனால் எண்ணைவிடப் பேச்சை நம்புங்கள். வண்டியை நிறுத்தியதும் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் வர வேண்டும். வரவில்லையென்றால் அளவுக்கு மீறிவிட்டீர்கள்.

தோள்பட்டைக்கு வருகிறேன். நான்கு வருடத்தில் எலும்பு கூடியிருக்கும். கவலை பிளேட்டின் இரண்டு முனைகளில்தான். மறுபடி அதே தோளில் விழுந்தால் பிளேட் முடியும் இடத்தில் எலும்பு உடைவதுண்டு. பிளேட்டை எடுத்துவிடலாமா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். எடுத்தால் திருகு இருந்த துளைகள் அடைய மேலும் சில மாதம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி உடம்பு. மூச்சுத் திறன் இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தாலே இறங்கத் தொடங்கும். நான்கு வருடம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கிளட்ச் விடும் பதம், வளைவில் எப்போது திராட்டிலைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். அரை மணி நேரத்தில் கை பழைய வேலையை ஆரம்பித்துவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தே இதில்தான் இருக்கிறது. முதல் நாள் எல்லோரும் பயந்து பயந்துதான் ஓட்டுவார்கள். மூன்றாவது நான்காவது முறையில், திறமை திரும்பிவிட்டது, தெம்பு திரும்பவில்லை என்ற நிலையில்தான் விழுவார்கள். கால் தளரும், உட்கார்ந்துவிடுவார்கள், வண்டி குழியில் இறங்கும்போது கை ஹேண்டிலைத் தொங்கிப் பிடிக்கும், அதோடு சேர்ந்து திராட்டிலும் திரும்பிவிடும்.

அதனால் வண்டியில் ஏறுவதற்கு முன், டாக்டர் சம்மதித்த அளவுக்குள், இரண்டு மாதமாவது கால், முதுகு, மூச்சு மூன்றுக்கும் வேலை கொடுங்கள். தயாரா என்று பார்க்க நான் சொல்லும் சோதனை எளிது. வண்டியைப் புல்தரையில் மெதுவாகப் படுக்க வையுங்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, தரையோடு இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பற்றுங்கள். முதுகு நேராக, குந்திய நிலையிலிருந்து தொடையால் எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. இரண்டுக்கும் பிறகு இயல்பாகப் பேச முடிகிறது, தோளில் வலி இல்லை என்றால் சரி. இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் பயிற்சி செய்யுங்கள்.

அந்த 450 பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அதில் தொடங்காதீர்கள். களைத்த கைக்கு அதன் இழுவை அதிகம். முடிந்தால் 250 ஃபோர் ஸ்ட்ரோக், அதைவிட நல்லது மென்மையாக இழுக்கும் டிரெயில் வண்டி (ரேஸுக்கு அல்லாமல் காட்டுப் பாதையில் நிதானமாக ஓட்டுவதற்கானது), செல்ஃப் ஸ்டார்ட்டோடு. மேட்டில் வண்டி அணைந்து, கிக்கரைப் பத்து முறை மிதிக்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். வேறு வழியில்லை, 450தான் என்றால் இன்ஜினை மென்மையான மேப்பில் (இழுவையைக் குறைக்கும் அமைப்பில்) வைத்து ஓட்டுங்கள்.

எந்த வண்டியானாலும் நான்கு வருடம் நின்றிருந்தால் அப்படியே கிளப்பக் கூடாது. பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் வரும் சிறு துளை) பிசினாகி அடைத்திருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறையே மாற்ற வேண்டியது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை விரலால் கிள்ளிப் பாருங்கள், பொடிந்தால் புதிது போடுங்கள். ஸ்போக், ஃபோர்க் சீல், டயர் எல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். பலர் மறப்பது சஸ்பென்ஷனை. நான்கு வருடத்தில் எடை கூடியோ குறைந்தோ இருக்கும். முழு கியர் போட்டு நீங்கள் ஏறி நின்றால் பின்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், முழு அளவு வண்டிகளுக்கு இது பொதுக் கணக்கு. ஹெல்மெட் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தாலோ, அந்தத் தோள் உடைந்த நாளில் தலையில் இருந்ததாக இருந்தாலோ, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் தட்டையான, திறந்த இடம். வெயில் ஏறுவதற்கு முன். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும், உங்கள் உடல்நிலை தெரிந்தவராக. மாத்திரைப் பெயர்கள் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் உடம்போடு இருக்க வேண்டும், காரில் அல்ல. பத்து நிமிடம் ஓட்டி, கால் மணி நேரம் ஹெல்மெட்டைக் கழற்றி உட்காருங்கள். இப்படி மூன்று முறை போதும். எட்டுப் போடுவது, நின்றபடி மெதுவாகப் போவது, பிரேக் பிடித்துப் பழகுவது, அவ்வளவுதான். ஜம்ப் பக்கம் போகவே வேண்டாம். பாரம் முழுவதும் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) இருக்க, முழங்கால் வண்டியைப் பிடித்திருக்க, ஓடும்போதே விரல்களை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லையென்றால் கையால் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள், கால் களைத்துவிட்டது என்று பொருள். நிறுத்துங்கள்.

கை இறுகுவதையும் இதய வலியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆர்ம் பம்ப் எனப்படும் கை இறுக்கம் முழங்கைக்குக் கீழே வரும், தசை கட்டையாக இருக்கும், பிடியை விட்டு ஓய்வெடுத்தால் தணியும். நெஞ்சு இறுக்கம், தோளிலிருந்து கையில் இறங்கும் வலி, தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. உட்காருங்கள், ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். நீரிழிவு இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாக மட்டும் வரலாம். எது என்று சந்தேகமாக இருந்தாலும் இதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எவ்வளவு கூட்டுவது என்பதை மறுநாள் காலை தீர்மானிக்கட்டும். இரண்டு நாள் கழித்தும் அலுப்பு போகவில்லையென்றால் அதே அளவைத் திரும்பச் செய்யுங்கள். கூட்டினால் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பாதையின் கடினத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம்.

ரேஸ் பற்றி: இந்த வருடம் இல்லை. பயிற்சியில் மூச்சு வாங்கினால் ஓரமாக நிறுத்திவிடலாம். ஸ்டார்ட் கேட் விழுந்த பிறகு, பக்கத்தில் ஒருவன் முந்தும்போது, நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். ஆறு மாதம் தொந்தரவில்லாமல் ஓட்டிவிட்டு, இன்னொரு ட்ரெட்மில் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு இதே கேள்வியை உங்கள் இதய டாக்டரிடம் கேளுங்கள்.