சிலிக்கா ஜெல் வீல் ஹீட்டர் கரண்ட் பில்லை ஏற்றுகிறதா? முதலில் இதைப் பாருங்கள்

சாஃப்ட்ஜெல் (மென்மையான ஜெலட்டின் கேப்சூல்) உலர்த்தும் அறையை 25 டிகிரி, 25% ஈரப்பதத்தில் வைக்க, வெளிக்காற்றை நேராக வீலுக்குள் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சிலிக்கா ஜெல் உள்ள சுழலும் சக்கரம்) விடுவதாகவும், அந்த வீலை மறுபடி உலர்த்தும் 130 டிகிரி ஹீட்டர் நாள் முழுக்க ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பில் எகிறாமல் என்ன செய்யும்?

வீலுக்கு முன்னால் ஒரு சில்டு வாட்டர் காயில் (குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்) போடுங்கள். 30 டிகிரி, 75% ஈரப்பதமுள்ள கடலோரக் காற்றில் கிலோவுக்குச் சுமார் 20 கிராம் தண்ணீர் இருக்கும். அதை 12 டிகிரிக்குக் குளிர்வித்தாலே 9 கிராமுக்குக் கீழே வந்துவிடும். உங்கள் அறைக்கு வேண்டியது 5 கிராம்தான். மிச்ச 4 கிராமும், அறைக்குள் கேப்சூல்கள் விடும் ஈரமும் மட்டும் வீலின் வேலை. குளிர்ந்த காற்றிலிருந்து சிலிக்கா ஜெல் ஈரத்தை இன்னும் நன்றாக இழுக்கும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம், 130 டிகிரி பிடிவாதம் தேவையில்லை. சுமை குறைந்தபின் படிப்படியாக இறக்கிப் பாருங்கள். அறை ஈரப்பதத்தைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் இருந்தால் இன்னும் நல்லது. வெளியேறும் சூடான ஈரக்காற்றின் வெப்பத்தை, உள்ளே வரும் ரீஜெனரேஷன் காற்றுக்கு (வீலை உலர்த்தச் சூடாக்கும் காற்று) மாற்ற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் போடலாம். இரண்டு காற்றும் கலக்கக் கூடாது.

இதற்கெல்லாம் செலவழிக்கும் முன், வீலின் ஓரச் சீல்களைச் சோதியுங்கள். அவை தேய்ந்திருந்தால் ஈரக்காற்று உலர்காற்றுப் பக்கம் கசியும். பழைய யூனிட்களில் தொல்லை அங்கேயும் இருக்கலாம்.