அம்மாவின் கேள்வியும் என் எரிச்சலும்

அன்புள்ள அக்கா,

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். வயது 31. கோட்டையில் வேலை. ஒன்றரை வருடமாகப் பதகளிப்பு. நெஞ்சு படபடக்கும், நித்திரை இல்லை, காரணமில்லாமல் ஒரே அந்தரம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பின்னேரம் பஸ்ஸில் நிற்கும்போது அம்மா கோல் எடுத்து "எங்க நிக்கிறாய்?" என்பார். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. போன கிழமை "சும்மா ஆக்கினை தராதேங்கோ" என்று பஸ்ஸுக்குள்ளேயே கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் அறைக்குள் இருந்தார். அப்பா கோட்டையில் வேலை செய்தவர். 1996இல் அங்கே மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தாராம். அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. விளங்கியும் ஏன் கத்துகிறேன்? நான் கெட்டவளா?

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. கெட்டவர்கள் மூடி வைத்த சாப்பாட்டை நினைத்துக் கடிதம் எழுதமாட்டார்கள்.

பதகளிப்பு என்றால் பயந்து ஒடுங்குவது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆபத்து வருகிறது என்று உடம்பு நம்பிவிட்டால் ஓடவும் தயாராகும், அடிக்கவும் தயாராகும். உங்கள் எரிச்சல் அந்த இரண்டாவது பாதி. மருத்துவர்கள் பதகளிப்பு நோயைக் கண்டறியும்போது நித்திரைக் குறைவு, களைப்பு, தசை இறுக்கம் இவற்றோடு எரிச்சலையும் ஓர் அறிகுறியாகவே எண்ணுகிறார்கள். நாள் முழுக்க இறுகிப்போய் இருக்கும் உடம்புக்கு ஒரு போன் மணிகூட இடி மாதிரித்தான் விழும்.

எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. மகன் வீட்டுப்பாடம் செய்துகொண்டே பென்சிலால் மேசையில் தட்டுவான். டொக், டொக். ஒருநாள் பென்சிலைப் பறித்து எறிந்தேன். அவன் அழவில்லை. எழும்பிப் போய் அதை எடுத்து, உடைந்த முனையைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தான். அதற்குப் பிறகு பல மாதங்களாக என்னிடம் ஏதாவது கேட்கும் முன் "அம்மா, இண்டைக்குக் கோவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்பான். அந்தக் கேள்விதான் என்னை மருத்துவரிடம் கொண்டுபோனது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 1996தான். அந்த ஜனவரி 31ஆம் திகதி இந்த நகரத்தில் எத்தனை பெண்கள் வாசலில் நின்றிருப்பார்கள்! கையில் போன் இல்லாத காலம். "எங்க நிக்கிறாய்?" என்று அன்றைக்குக் கேட்க முடியாமல் போனதை உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவருடைய பதகளிப்பு கேள்வியாக வருகிறது, உங்களுடையது எரிச்சலாக வருகிறது. 100ஆம் நம்பர் பஸ்ஸில், நெரிசலுக்கு நடுவில், இரண்டும் ஒவ்வொரு நாளும் முட்டிக்கொள்கின்றன.

அதனால் முதலில் நீங்கள் முந்துங்கள். பஸ் ஏறியதும் நீங்களே எடுத்து, "ஏறிட்டன் அம்மா, வந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அரை நிமிடம் போதும். நீங்களாக எடுக்கும் கோல் உடம்பைத் திடுக்கிட வைக்காது.

அப்புறம், எரிச்சல் திடீரென்று வருவதாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே உடம்பில் ஏதோ ஓர் இடம் இறுகியிருக்கும். எனக்குத் தாடை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்த உடனேயே அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன். உங்களுக்கு எங்கே என்று பாருங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கடற்கரைப் பக்கம் இறங்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். நெஞ்சடிப்பு மெல்ல இறங்கும். பின்னேரத்துக்குப் பிறகு கோப்பியும் சாயத் தேத்தண்ணியும் வேண்டாம், ஏற்கெனவே நித்திரை இல்லை என்கிறீர்கள்.

கத்திவிட்டீர்களா? சரி, அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று தொடங்க வேண்டாம், அந்த "ஆனால்" மன்னிப்பைத் தின்றுவிடும். உங்களுக்குப் பதகளிப்பு இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன் மேல்தான் வெறுப்பு என்று நினைப்பார்.

ஒன்றரை வருடம் என்பது நீண்ட காலம். மருத்துவரைப் பாருங்கள். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பும் எரிச்சலும் வரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இலவசம். அங்கொடை என்ற பெயரை வைத்துப் பகிடி பண்ணியே வளர்ந்தோம், அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. அங்கொடையில் இருக்கும் அதே தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண்தான் 1926. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

நாளைக்குப் பஸ் ஏறியதும் அம்மாவுக்கு முதல் கோல் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா